காலையில் சந்தை, மாலையில் பூங்கா: கொழும்பு சுற்ற வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் கொழும்புக்கு வருகிற உறவுக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. தாமரைக் கோபுரத்துக்கும் புதிய கடைத்தொகுதிகளுக்கும் வழி சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே பேச்சு, சாப்பாட்டுச் சாமான் விற்கிற தெருக்களையும் உட்கார்ந்து இளைப்பாற நிழல் தருகிற இடங்களையும் பற்றி மட்டும்.

கொழும்பின் பெரிய சந்தை எது? நேரே அங்கேயே போய்விடலாமா?

பழைய பயணக் குறிப்புகளை வாசித்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் மெனிங் சந்தையைத்தான் கேட்பார்கள். ஆளுநர் வில்லியம் மெனிங்கின் பெயரைத் தாங்கிய அந்த மரக்கறி மொத்தச் சந்தை நெடுங்காலம் புறக்கோட்டையில் இருந்தது. இப்போது இல்லை. 2020 இறுதியில் பேலியகொடையில் புதிய கட்டடம் திறந்து, வியாபாரிகளை அங்கே அனுப்பிவிட்டார்கள். மீன் மொத்தச் சந்தை அதற்கு முன்பே பேலியகொடைக்குப் போய்விட்டது. ஆக, நகரத்துக்குள் 'இதுதான் சந்தை' என்று ஒரு கூரையைத் தேடிப் பயனில்லை. கொழும்பில் தெருக்களே சந்தை. புறக்கோட்டைத் தெருக்கள் ஒரு மாதிரி, வெள்ளவத்தை வேறு மாதிரி, இரவில் புதுக்கடை முற்றிலும் வேறு. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதையும் பார்த்ததாக நினைக்க முடியாது.

புறக்கோட்டையில் எங்கே தொடங்கி எப்படி நடப்பது?

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி ஒல்கொட் மாவத்தையைக் கடந்தால் புறக்கோட்டை தொடங்கிவிடும். குறுக்குத் தெருக்களுக்கு முதலாம், இரண்டாம் என்று எண் போட்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் நடந்தால் வழி தவறாது. முதல் மூன்றையும் மின்சாரச் சாமானும் துணியும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சாப்பாட்டுக்காக வந்தவர்கள் அவற்றைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். ஆனால் இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. சம்மாங்கோட்டுப் பள்ளி என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

நான்காம் குறுக்குத் தெரு வந்ததும் மூக்குக்கே தெரிந்துவிடும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, சீனி, செத்தல் மிளகாய் என்று நாட்டின் அரைவாசிச் சமையலறைகளுக்கு இங்கிருந்துதான் சாமான் போகிறதோ என்று தோன்றும். செத்தல் மிளகாய் மூட்டையை லொறியிலிருந்து இறக்கும்போது பக்கத்தில் நின்றால் தும்மாமல் தப்ப முடியாது. மூட்டை சுமக்கிறவர்களை இங்கே நாட்டாமை என்பார்கள். தலையில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் மூட்டையை ஏற்றி, குனிந்தபடி ஓட்டமும் நடையுமாக வருவார்கள். அவர்களால் சட்டென்று நிற்க முடியாது. "சைட்! சைட்!" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஒதுங்குங்கள். படம் எடுக்க ஆசைப்பட்டுத் தெரு நடுவே நின்று ஏச்சு வாங்குகிறவர்கள் தினமும் உண்டு. ஏச்சில் நியாயமும் உண்டு.

ஐந்தாம் குறுக்குத் தெருப் பக்கம் மசாலாச் சாமான், கருவாடு, மாசி (காய்ந்த சூரை மீன்). அதை ஒட்டிய கபோஸ் லேனில் நாட்டு மருந்துக் கடைகள்: மரமஞ்சள், ஆவாரம்பூ, வில்வம்பூ, காய்ந்த வேர் வகைகள் எல்லாம் சாக்கு வாயைத் திறந்து வைத்தபடி. வாங்காவிட்டாலும் அந்த ஒழுங்கைக்குள் ஒருமுறை நடந்து வாருங்கள். மரக்கறியும் பழமும் வேண்டுமென்றால், அதே பகுதியில் சுயதொழில் வியாபாரிகளின் சந்தை நெருக்கிப் பிடித்து நடக்கிறது. அப்படியே செட்டியார் தெருவுக்கு ஏறினால் நகைக்கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோயில்கள். மிளகாய் நெடிக்குப் பிறகு அங்கே மல்லிகைச் சரத்தின் வாசம் சுகமாகத்தான் இருக்கும்.

எத்தனை மணிக்குப் போவது? எந்த நாள் தோதானது?

வேலை நாளில் காலை எட்டரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் போங்கள். அதற்குப் பிறகு வெயிலும் லொறியும் கூடிக்கொண்டே போகும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மா தொழுகைக்காகப் பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பாதிக்கு மேல் பூட்டு. நடைபாதை வியாபாரம் மட்டும் மும்முரமாக நடக்கும். போயா தினத்தில் (பௌர்ணமி விடுமுறை) இறைச்சிக்கடை கிடையாது, மற்றதும் மந்தம். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் கால் வைக்க இடம் இருக்காது. அது முடிந்த கையோடு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவதால் சில நாட்கள் தேத்தண்ணிக் கடையைக்கூடத் தேட வேண்டியிருக்கும்.

சிங்களம் தெரியாது. சமாளிக்கலாமா?

தாராளமாக. புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை மூன்றிலும் தமிழே போதும். முஸ்லிம் கடைக்காரரை 'நானா' என்று கூப்பிடுவது இங்கே வழக்கம். மற்றவர்களுக்கு அண்ணே, அக்கா, தம்பி. நுகேகொடை, பத்தரமுல்லைப் பக்கம் போனால் 'கீயத' (எவ்வளவு), 'அடு கரன்ன' (குறைங்கள்) என்ற இரண்டும் கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்கிற விதத்தை வைத்தே எங்கிருந்து வந்தவர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு பேச்சு சினிமாவுக்குப் போய், சாமான் வாங்க அரை மணித்தியாலம் ஆகும்.

விலை எழுதிய பலகையைப் பார்த்து வாங்கினேன், பில் நாலு மடங்காக வந்தது. ஏமாற்றினார்களா?

பெரும்பாலும் இல்லை. இங்கே மரக்கறிக்கடைப் பலகைகளில் 250 கிராமுக்கு விலை எழுதுவது சாதாரணம். 'போஞ்சி 150' என்றால் கிலோ 600. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 250 என்று இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது "கால் கிலோவா, கிலோவா?" என்று கேட்டுவிடுங்கள். பேரம் பேசுவதைப் பொறுத்தவரை, மொத்தக் கடையில் அரைக் கிலோ பருப்புக்குப் பேரம் பேசினால் முகம் கொடுக்கமாட்டார்கள். பழ வண்டியிலும் நடைபாதையிலும் பேசலாம். விலையைக் குறைக்காவிட்டாலும் ஒரு பழத்தைக் கூடப் போட்டுத் தருவார்கள். சில்லறை நோட்டு முக்கியம். காலை முதல் வியாபாரத்துக்கு 5,000 ரூபாய்த் தாளை நீட்டினால் உங்களையும் அந்தத் தாளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

நல்ல கறுவாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் எடுத்து அதன் வெட்டு முகத்தைப் பாருங்கள். இலங்கைக் கறுவாவில் காகிதம் போன்ற மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, உள்ளே இடமில்லாமல் அடைத்திருக்கும். நிறம் வெளிர் பழுப்பு; விரலால் நெரித்தால் நொறுங்கும். கசியா என்கிற மற்றதில் தடித்த பட்டை ஒன்றே சுருண்டு, நடுவே குழாய் போல வெறுமையாக இருக்கும். கையால் உடைக்கவே முடியாது. குச்சி மெல்லியதாக ஆக ஆகத் தரமும் விலையும் கூடும். அல்பா என்ற தரம்தான் எல்லாவற்றிலும் மெல்லியது. கறிக்குப் போட அவ்வளவு உயர்ந்தது தேவையில்லை, நடுத்தரமே போதும். பரிசளிக்க என்றால் அல்பா.

கொழும்பு 7ஐக் கறுவாத்தோட்டம் என்கிறோம் அல்லவா, ஒல்லாந்தர் காலத்தில் உண்மையிலேயே அங்கே கறுவாத் தோட்டங்கள் இருந்தன. அதற்கு முன்பு காட்டில் தானாக வளர்ந்ததைத்தான் உரித்துக்கொண்டிருந்தார்கள். 1760களின் இறுதியில்தான் நட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே தூதரகங்களும் பெரிய வீடுகளும்தான்.

பேலியகொடை மீன் சந்தைக்குப் போகலாமா?

நள்ளிரவு தாண்டி வியாபாரம் சூடு பிடித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடுகிற இடம். அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி, ஈரத் தரையில் நடந்து, ஆள் உயர மீனை அறுப்பதைப் பார்க்க மனம் இருந்தால் போங்கள். செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போடுங்கள். சமைக்க வீடோ அடுப்போ இல்லாத பயணிக்கு அங்கே வாங்க ஒன்றும் இல்லை என்பதால் நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஒரு பாரையோ அறக்குளாவோ வாங்கிச் சமைக்கத்தான் வேண்டுமென்றால் வெள்ளவத்தைச் சந்தையிலேயே வாங்கலாம். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெள்ளவத்தையில் என்ன இருக்கிறது? அது எங்கள் ஊர்ச் சந்தை மாதிரித்தானே?

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் இப்படிக் கேட்டால் 'அதேதான்' என்பேன். மற்றவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து இரவு பஸ்கள் விடியற்காலையில் காலி வீதியில் ஆட்களை இறக்கும்போது பெட்டிகளும் சாக்குகளும் கூடவே இறங்கும். முருங்கைக்காய், இராசவள்ளி, பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு என்று இந்த ஒரு வீதியில் கிடைக்காத வடபகுதிச் சாமான் குறைவு. தை மாதத்துக்கு அண்டி வந்தால் பனங்கிழங்கு. வைகாசி, ஆனியில் வந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். அதற்கு மேல் ஒரு மாம்பழம் உண்டு என்று யாழ்ப்பாணத்தார் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், நானும்தான். ஒடியல் மா வாங்குகிறவர்கள் வாசம் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். பழையதானால் கூழ் கசக்கும்.

பக்கத்துப் பம்பலப்பிட்டியில் சைவச் சாப்பாட்டுக்கடைகள் நீண்டகாலமாக இருக்கின்றன. தோசை, இடியப்பம், சொதி எல்லாம் வயிற்றுக்கும் பைக்கும் தோதாகக் கிடைக்கும். ஆடிவேல் விழா நாட்களில் செட்டியார் தெருவிலிருந்து வேல் ரதம் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு வரும். அப்போது வந்தால் வீதியோரத்தில் கரும்பும் கடலையும் வாங்கிக் கடித்தபடி நடக்கலாம்.

பழங்களில் எதை எப்போது எதிர்பார்க்கலாம்?

ரம்புட்டானும் மங்குஸ்தானும் வைகாசி முதல் ஆவணி வரை. மல்வானை ரம்புட்டான் என்று எல்லா வண்டிக்காரரும் சொல்வார்கள். அத்தனையும் மல்வானையில் காய்த்திருந்தால் அந்த ஊரில் வீடு கட்ட இடம் இருந்திருக்காது. தூரியன் வாங்கினால் அங்கேயே தின்றுவிடுங்கள், ஹோட்டலுக்குள் விடமாட்டார்கள். வாழைப்பழம், அன்னாசி, பப்பாசி, செவ்விளநீர் எப்போதும் உண்டு. விளாம்பழத்தைச் சீனி போட்டுக் கரைத்த பானம் ஒன்று குடித்துப் பாருங்கள். அம்பரலங்காய் அச்சாறு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசி எல்லாம் வண்டியில்தான் ருசி.

சரி, பூங்காவுக்கு வருவோம். விகாரமகாதேவிப் பூங்காவில் பார்க்க என்ன இருக்கிறது?

'பார்க்க' என்று போகிறவர்களுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். பூந்தோட்டக் கண்காட்சி இல்லை அது; நகர மண்டபத்துக்கு எதிரே பெரிய மரங்கள் நிற்கிற, உட்கார்ந்திருக்கிற இடம். சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த நிலம். முன்பு விக்டோரியாப் பூங்கா என்று பெயர், பிறகு துட்டகைமுனு மன்னனின் தாயார் பெயர் வைத்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போனால் குடைக்குள் காதலர்கள், ஊஞ்சலில் பிள்ளைகள், வாங்கில் பத்திரிகை விரித்த பெரியவர்கள். காலையில் வாங்கிய பழத்தை இங்கே வைத்துச் சாப்பிடலாம், ஆனால் காகத்தைக் கவனியுங்கள். கொழும்புக் காகம் கேட்டு வாங்குகிற சாதி இல்லை. கையிலிருந்தே எடுத்துக்கொண்டு போகும்.

பூங்காவை ஒட்டிய வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். கலை வரலாறு எழுதிய அந்தப் பெரியவர் கொழும்பில் பிறந்தது 1877இல். அருகில் இருக்கிற தேசிய அருங்காட்சியகம் திறந்ததும் அதே 1877இல்தான். இன்று அவர் பெயர் கொண்ட வீதியோரத்தில் ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குள் போக நேரமில்லாவிட்டாலும் அதன் முற்றத்து ஆலமரங்களுக்குக் கீழே கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள். புறக்கோட்டையிலிருந்து வருகிறவர்களுக்கு 138 பஸ் தோது.

சனம் இல்லாத, பச்சையான இடம் வேண்டும்.

அப்படியானால் கோட்டே, பத்தரமுல்லைப் பக்கம். பெத்தகான ஈரநிலப் பூங்காவிலும் தலவத்துகொடை தியசரு பூங்காவிலும் மரப்பலகைப் பாதையில் சதுப்புக்கு மேலேயே நடக்கலாம். சிறு கட்டணம் உண்டு. கொக்கு, நீர்க்காகம், நீலத் தாழைக்கோழி தாராளம். கபரகொய்யா என்கிற பெரிய நீருடும்பு பாதையில் குறுக்கே படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை பொறுங்கள், அவசரம் நமக்குத்தான். மீன்பிடிப் பூனையும் இந்தச் சதுப்புகளில் இருக்கிறது, ஆனால் அது இரவில் நடமாடுகிறது. 2018இல், ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகில் முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. ஆனால் பயணிகளில் பாதிப்பேர் இந்தப் பக்கம் தலைவைப்பதில்லை. மழை பெய்தால் இந்தச் சதுப்புதான் நகரத்து வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது.

விடியற்காலையில் போய்விட்டு, பசியோடு பத்தரமுல்லை ஹெல போஜுனுக்கு வாருங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகிற கடை. இலைக்கஞ்சி, குரக்கன் ரொட்டி, தோசை எல்லாம் கண்முன்னே செய்து தருவார்கள். கஞ்சியைக் கருப்பட்டித் துண்டு கடித்தபடி குடிக்க வேண்டும். மாலையானால் தியத்த உயனவில் ஏரிக்கரை நடை, செடிக் கடைகள், தின்பண்டக் கடைகள். கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ் பத்தரமுல்லைக்குப் போகும்.

இரவுச் சாப்பாட்டுக்குக் காலிமுகத்திடலா, புதுக்கடையா?

இரண்டும் வேறு வேறு. காலிமுகத்திடல் காற்று வாங்கப் போகிற இடம், சாப்பாடு அதற்குத் துணை. இந்த நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைக் காத்துக்கொள்ளும்படி தனக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டுக் கல்லில் எழுதி வைத்தார். 2022இல் அரசுக்கு எதிரான போராட்டத்துக்காக நாடே இங்கே வந்து கூடாரம் அடித்து உட்கார்ந்தது வேறு கதை. சூரியன் விழும் நேரத்தில் இறால் வடை வாங்குங்கள். பருப்பு வடை மேல் தலையோடு பதித்த இறால், அதன் மேல் வெங்காயமும் காரச் சம்பலும். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பதை எடுக்காமல், "இப்ப சட்டியில இருக்கிறதைத் தாங்கோ" என்று கேட்டு வாங்குங்கள். ருசியில் பாதி அந்தச் சூட்டில் இருக்கிறது.

வயிறு நிறைய வேண்டுமென்றால் புதுக்கடை. பகலில் நீதிமன்றமும் கறுப்புக் கோட்டுமாக இருக்கிற ஹல்ஸ்டொர்ப் பகுதி, இரவானால் அப்துல் ஹமீத் வீதி முழுக்கப் புகை. கொத்து அடிக்கிற இரண்டு தகட்டின் தாளம் தூரத்திலேயே கேட்கும். பரோட்டா, சுட்ட கோழி, மாட்டிறைச்சிக் கபாப், பலூடா, வட்டிலப்பம். நோன்பு மாதத்தில் விடிய விடியச் சனம். சைவக்காரர்களுக்கு இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, முட்டைக் கொத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் மட்டும் வரலாம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதை விடுவது?

பேலியகொடையையும் சதுப்பையும் விடுங்கள். காலையில் புறக்கோட்டை, பதினொன்றுக்குக் கிளம்பிப் பம்பலப்பிட்டியில் மத்தியானச் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் விகாரமகாதேவி, மாலைக் காற்றுக்குக் காலிமுகத்திடல். காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கோட்டையிலிருந்து பம்பலப்பிட்டிக்குக் கரையோர ரயில் இன்னும் நல்லது, கடல் கைக்கெட்டும் தூரத்தில் வரும். ஓட்டோ என்றால் பிக்மீ செயலியில் பிடியுங்கள், விலைப் பேச்சு மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடிமழை அநேகமாக நிச்சயம் என்பதால் அப்போது வருகிறவர்கள் பூங்காவைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கொழும்புக்கு வெளியே ஒரு தாவரவியல் பூங்கா சொல்லுங்கள், கண்டி வரை போக முடியாது.

கம்பஹா ஹெனரத்கொட. கோட்டையிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் போதும். 1876இல் கொண்டுவந்த ரப்பர் கன்றுகளை ஆசியாவில் முதலில் நட்டு வளர்த்த இடங்களில் ஒன்று. மலையகத்தையும் மலேசியாவையும் தோட்டத்தொழிலால் அறிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ரப்பர் மரங்களைப் பார்க்க ஒரு காரணம் இருக்கும்.

வாங்கியதை விமானத்தில் கொண்டுபோகலாமா?

காய்ந்த மசாலா, தேயிலை, கறித்தூள் என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை. பச்சைப் பழம், செடி, விதையைப் பல நாடுகள் விமான நிலையத்திலேயே பறித்துவிடும். போகிற நாட்டின் விதியை முதலில் பாருங்கள். கருவாட்டை மூன்று உறையில் சுற்றினாலும் வாசம் வெளியே வரும். சேலைப் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

வயிறு கெடாமல் இருக்க?

போத்தல் தண்ணீர், சுடச்சுட இறக்கிய சாப்பாடு, உங்கள் முன்னால் வெட்டிய பழம். செவ்விளநீரை விடப் பாதுகாப்பான குடிபானம் தெருவில் இல்லை.

புறக்கோட்டையில் கழிப்பறை?

கோட்டை ரயில் நிலையத்தில் இருக்கிறது. நடக்கத் தொடங்கும் முன் போய்விட்டு வாருங்கள், உள்ளே தெருக்களில் தேடி அலைய வேண்டாம்.